நெல்லில் மரபணு தேடப் போகிறவருக்கு: கலப்பா, திரட்டா, கூட்டா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர் முதுநிலை மாணவி. தண்ணீரில் பத்து நாள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் ஒரு நாட்டு நெல் அவர் கையில் இருக்கிறது. அதற்குக் காரணமான மரபணுவைப் பிடிக்க வேண்டும். இரண்டாமவர் முனைவர் பட்ட ஆய்வாளர். அவர் துறையின் குளிர் அறையில் 180 நாட்டு ரகங்களின் விதைகள் இருக்கின்றன. அரிசியின் நீளம், அகலம், சமைத்த பின் எவ்வளவு நீள்கிறது என்பதையெல்லாம் பார்க்க ஆசை. மூன்றாமவர் விதைத் தொழிலில் இருக்கும் நண்பர். அவருக்கு "விளைச்சலுக்கான மரபணு" வேண்டும். மூவரிடமும் யாரோ ஒருவர் "ஜீவாஸ் பண்ணிடு, பேப்பர் வந்துடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். (ஜீவாஸ் என்பது பல ரகங்களை ஒருசேர வைத்து மரபணு தேடும் முறை.)

பேப்பர் வரும்தான். ஆனால் மூவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

அடிப்படை எளிது. நெல்லின் 12 குரோமோசோம்களில் ஏறத்தாழ 39 கோடி டிஎன்ஏ எழுத்துகள். ரகத்துக்கு ரகம் எழுத்து மாறும் இடங்கள்தான் மார்க்கர்கள். செடிகளின் பண்பை அளந்து, மார்க்கர்களையும் படித்து, எந்த மார்க்கர் எப்போதும் அந்தப் பண்போடு சேர்ந்தே வருகிறது என்று பார்க்கிறோம். சேர்ந்து வந்தால் மரபணு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எல்லா முறைகளுக்கும் இதுதான் ஆதாரம். எந்தச் செடிகளை வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் அவை பிரிகின்றன.

## முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியவை

பண்பு ஒற்றை மரபணுவா, ஊர்கூடித் தேரா? குலை நோய் எதிர்ப்பு, மணம், குட்டை வளர்த்தி போன்றவற்றில் ஒன்றிரண்டு பெரிய மரபணுக்களே பெரும்பங்கு வேலையைச் செய்வதுண்டு. விளைச்சல் அப்படியல்ல. மக்காச்சோளத்தில் 25 குடும்பங்கள், ஏறத்தாழ 5,000 வரிசைகளை (கலப்பில் பிறந்து, தலைமுறை மாறினாலும் மாறாமல் வரும் செடி வழிகளை) வைத்து 2009-இல் பூக்கும் காலத்தை ஆராய்ந்தார்கள். ஒரு பெரிய மரபணுகூடச் சிக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளும் பல சிறிய இடங்கள்தான் கிடைத்தன. பூக்கும் நாளே இப்படியென்றால் விளைச்சலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அளவீட்டை எவ்வளவு நம்பலாம்? அதே ரகத்தை அடுத்த பருவத்தில் அளந்தால் ஏறக்குறைய அதே எண் வருமா? வராது என்றால் எந்த முறையும் காப்பாற்றாது. டிஎன்ஏ படிக்கும் செலவு ஆண்டுக்காண்டு குறைகிறது. வயலில் நின்று அளப்பவரின் கூலி குறையவில்லை. என்னைக் கேட்டால் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் வயலுக்குப் போக வேண்டும். பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் இது தலைகீழாக இருக்கிறது.

எத்தனை பருவம் இருக்கிறது? உதவித்தொகை எப்போது முடிகிறது என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள்.

கிடைத்ததை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? புது ரகம் உருவாக்க மரபணுவின் பெயர் தெரிய வேண்டியதில்லை, அதன் இருபுறமும் நம்பகமான மார்க்கர் இருந்தாலே போதும். எச்.எச்.பி. 67 இம்ப்ரூவ்டு என்ற கம்பு வீரிய ஒட்டு 2005-இல் வட இந்தியாவில் வெளியானது அப்படித்தான். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் குரோமோசோம் பகுதிகளை மார்க்கர் துணையோடு பெற்றோர் வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதிக்குள் எந்த மரபணு வேலை செய்கிறது என்பது யாரையும் தடுக்கவில்லை. அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்று அறிவதே நோக்கம் என்றால் கணக்கு வேறு, செலவும் வேறு.

## கலப்பு: இரண்டு பெற்றோர், ஒரு குடும்பம்

தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் கலந்து, பேரப்பிள்ளைகளில் தேடுவது. பழைய முறைதான். ஆனால் விவசாயி வயல்வரை வந்து சேர்ந்த கண்டுபிடிப்புகளில் பெரிய பங்கு இதனுடையது.

மூழ்கினாலும் தாங்க வைக்கும் சப்1 என்ற குரோமோசோம் இடத்தின் கதையைப் பாருங்கள். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ, இரண்டு வாரம் மூழ்கினாலும் மீண்டு வரும். அதன் வழிவந்த வரிசையை மூழ்கினால் சாகும் ரகத்தோடு கலந்து, ஏறத்தாழ 170 எஃப்2 செடிகளையும் (எஃப்2 என்றால் கலப்பின் இரண்டாம் தலைமுறை) அவற்றின் அடுத்த தலைமுறைக் குடும்பங்களையும் மட்டுமே வைத்து, 1990-களின் நடுவில் ஷூ, மெக்கில் என்ற ஆய்வாளர்கள் 9-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டினார்கள். தாங்குதிறன் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அந்த ஒரே இடம் விளக்கியது. அதற்குள் வேலை செய்யும் மரபணு சப்1ஏ என்பது 2006-இல் தெரிந்தது. 2009-இல் ஸ்வர்ணா சப்1 இந்திய விவசாயிகளுக்கு வந்தது. நம் டெல்டாவில் நடும் சி.ஆர். 1009 சப்1-க்கும் மூலம் அதே இடம்தான்.

170 செடி போதுமா என்றால், பண்பு பெரிய மரபணுவாக இருந்தால் போதும். இல்லையென்றால் சிறிய குடும்பம் பொய் சொல்லும். நூறு செடியில் தேடினால் உண்மையில் 5 சதவீதம் விளக்கும் இடம் 15 சதவீதம் போலத் தெரியலாம். தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்தவைதான், நம்பத்தக்கது என்று ஏற்கும் வரம்பைத் தாண்டி நம் கண்ணில் படும். பீவிஸ் என்பவர் 1990-களிலேயே இதைக் காட்டிவிட்டார். இருந்தும் 94 செடியில் கண்டுபிடித்த "முக்கிய" இடங்கள் இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன. (94 ஏன் என்றால், டிஎன்ஏவைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைத் தட்டில் 96 குழி. இரண்டு பெற்றோருக்குப் போக மீதி!)

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று காலம். எஃப்2 செடி ஒவ்வொன்றும் தனிப்பிறவி. அறுவடையோடு போய்விடும், அதையே இன்னொரு ஊரில் நட்டு அளக்க முடியாது. நிலையான வரிசைகள் வேண்டுமென்றால் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு விதை என்று தலைமுறை தலைமுறையாக நகர்த்த வேண்டும். எஃப்2-இல் பாதி இடங்களில் இரு பெற்றோரின் எழுத்தும் கலந்தே இருக்கும். எஃப்6-இல் அது 3 சதவீதமாகக் குறையும். கலப்பு செய்யும் பருவத்தையும் சேர்த்து ஏழு பருவம். ஆண்டுக்கு இரண்டு என்றால் மூன்றரை ஆண்டு. அதன் பிறகுதான் அளக்கவே ஆரம்பிக்கலாம்.

இங்கே என் சொந்தக் கதை. எஃப்4-இல் இருந்தபோது ஐப்பசி மழையில் என் லேபிள்களில் மார்க்கர் பேனா எழுத்து கரைந்துவிட்டது. நினைவை வைத்து வரிசைகளை மறுபடி எழுதினேன். இரண்டு ஆண்டு கழித்து டிஎன்ஏ படித்தபோது பதினோரு வரிசைகள் இரு பெற்றோருக்கும் பிறக்காத பிள்ளைகளாக இருந்தன. பென்சிலால் எழுதுங்கள். பென்சில் கரையாது.

இரண்டாவது செலவு, இடத்தைக் குறுக்குவது. குரோமோசோமில் தூரத்தை அளக்கும் அலகு சென்டிமார்கன். நெல்லில் ஒரு சென்டிமார்கன் என்பது சுமார் இரண்டரை லட்சம் எழுத்து, அதாவது ஏறத்தாழ 25 மரபணு. முதல் சுற்றில் 10 சென்டிமார்கன் அகலத்துக்கு ஓர் இடம் கிடைப்பது சாதாரணம். அதற்குள் 250 மரபணு இருக்கும். அவற்றில் எது என்று சொல்ல ஆயிரக்கணக்கான செடிகள் வேண்டும். மணி உதிராமல் இருக்கும் தன்மையை நிர்ணயிக்கும் கியூ.எஸ்.எச்1 என்ற இடத்தை நிப்பான்பரே, கசலாத் என்ற இரு நெல் ரகங்களின் கலப்பில் ஜப்பானியர்கள் 612 எழுத்துகள்வரை குறுக்கினார்கள். அதற்கு 10,388 செடிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. 2006-இல் வெளியான அந்த ஆய்வை இன்றும் வியப்போடு படிப்பேன், அந்த வயலில் குனிந்து நின்றவர்களை நினைத்துக்கொண்டு.

ஒரு போனசும் உண்டு. உருவாக்கிய வரிசைகள் வீணாகாது. கேரளத்தின் பொக்காளி நெல்லை ஐ.ஆர். 29 என்ற ரகத்துடன் கலந்து உவர் தாங்கும் 'சால்டால்' இடத்தைத் தேடினார்கள். அந்தக் குடும்பத்திலேயே இருந்த எஃப்.எல். 478 என்ற வரிசை பிற்பாடு பல நாடுகளின் உவர் தாங்கும் நெல் திட்டங்களுக்குத் தானமளிக்கும் பெற்றோராகிவிட்டது. பொக்காளி உயரம், சாயும்; எஃப்.எல். 478 குட்டை.

பெற்றோரில் "கெட்டது" என்று நினைப்பதையும் தள்ளிவிடாதீர்கள். வந்தனா, வே ராரெம் என்ற இரு ரகங்களின் கலப்பில் 436 வரிசைகளை வறட்சியில் அளந்தபோது, 12-ஆம் குரோமோசோமில் மிகப் பெரிய விளைவுள்ள இடம் ஒன்று கிடைத்தது. அந்த மரபணுவின் நல்ல வடிவத்தைக் கொடுத்தது வறட்சியைத் தாங்கும் வந்தனா அல்ல, தாங்காத வே ராரெம்.

## திரட்டு: நாட்டு ரகங்களை அப்படியே எடுத்துப் பார்ப்பது

இதுதான் ஜீவாஸ். யாரும் கலப்பு செய்ய வேண்டாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இயற்கையும் விவசாயிகளும் செய்துவைத்த கலப்புகளையே பயன்படுத்திக்கொள்கிறோம். முதல் நாளே அளக்கத் தொடங்கலாம். இரண்டு பெற்றோரில் இருக்கும் இரண்டு வடிவங்களுக்குப் பதில் பல வடிவங்களைப் பார்க்கலாம். 2010-இல் சீனாவில் 517 நாட்டு ரகங்களின் டிஎன்ஏவைப் படித்து 14 பண்புகளுக்குத் தேடிய ஆய்வுதான் நெல்லில் இதற்குப் பெரிய கதவைத் திறந்தது. 2014-இல் 89 நாடுகளின் 3,000-க்கும் மேற்பட்ட ரகங்களின் டிஎன்ஏ தகவல் பொதுவெளிக்கு வந்துவிட்டது. அந்த ரகங்களின் விதை கிடைத்தால் மார்க்கர் செலவே இல்லை. விதை கிடைப்பதற்குத்தான் இறக்குமதி அனுமதி, நோய்த் தனிமைச் சோதனை என்று ஓர் ஆண்டு ஓடிவிடும்.

பிரச்சினை எங்கே? இராமநாதபுரத்து மானாவாரி நெல் நூறும் டெல்டா சம்பா நெல் நூறும் எடுத்து, வறட்சி தாங்கும் திறனை அளப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கூட்டமும் நெடுங்காலமாகத் தனித்தனியே விளைந்தவை. அவற்றைப் பிரிக்கும் எந்த எழுத்தும், அது உமியின் நிறத்துக்கானதாக இருந்தாலும், வறட்சியோடு சேர்ந்தே வரும். பண்போடு எவ்வளவு சேர்ந்து வருகிறது என்று குரோமோசோம் நெடுகக் காட்டும் வரைபடத்தில் அழகான கோபுரமாக நிற்கும். இதைச் சரிசெய்யக் கணித வழிகள் உண்டு. எல்லா மென்பொருளும் இன்று உறவுமுறையைக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் இரக்கமில்லாதது. உண்மையான மரபணு ஒரு கூட்டத்தில் மட்டும் இருந்தால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

அரிய வடிவங்களையும் இது பார்க்காது. 180 ரகத்தில் ஐந்தே ஐந்தில் இருக்கும் மரபணு, எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், வரம்பைத் தாண்டாது. 5 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் மார்க்கர்களை வழக்கமாகத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறார்கள். அபூர்வமான ரகம் என்று நீங்கள் பாதுகாப்பதைத் தேட இது சரியான வலை அல்ல.

துல்லியம் பற்றியும் மிகையாகச் சொல்வார்கள். மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். சில ஆயிரம் எழுத்து தாண்டினாலே மார்க்கர்களுக்கு இடையேயான தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிடும், அதனால் கோபுரம் ஊசி போல நிற்கும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. தொடர்பு ஒரு லட்சம் எழுத்துக்கு மேல் நீள்கிறது. கோபுரத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு மரபணு இருக்கும். 250-க்கு அது எவ்வளவோ மேல். ஆனால் "மரபணுவைக் கண்டுபிடித்தோம்" என்று தலைப்பு வைக்கும் அளவுக்கு இல்லை.

அப்புறம் பூக்கும் நாள். வறட்சியை எந்தத் திரட்டில் அளந்தாலும் சீக்கிரம் பூக்கும் ரகங்கள் வறட்சி வருவதற்குள் கதிர் விட்டுத் தப்பித்துவிடும். தாங்கியது எது, தப்பியது எது என்று பிரிக்காமல் தேடினால், கிடைப்பது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த பூக்கும் நாள் மரபணுவாகத்தான் இருக்கும்.

## கூட்டு: இரு முனைகளை மட்டும் படிப்பது

எஃப்2-இல் மிக நன்றாகத் தாங்கிய 20 முதல் 50 செடிகளின் டிஎன்ஏவை ஒரே குழாயில் கலக்கவும். மிக மோசமானவற்றை இன்னொரு குழாயில். இரண்டையும் முழுதாகப் படித்து, எந்த இடத்தில் விகிதம் விலகுகிறது என்று பார்க்கவும். அவ்வளவுதான். 1991-இல் லெட்டூஸ் கீரையின் நோய் எதிர்ப்பைத் தேட இந்தக் கூட்டு யோசனை பிறந்தது. 2013-இல் ஜப்பானின் இவாத்தே குழு இதை முழு மரபணுத் தொகுப்பு வாசிப்போடு சேர்த்து 'கியூடிஎல்-சீக்' என்று பெயர் வைத்தது. நூற்றுக்கணக்கான செடிகளைத் தனித்தனியாகப் படிப்பதற்குப் பதில் இரண்டு குழாய், கூடவே பெற்றோர்.

அதே குழுவின் 'மியூட்மேப்' இன்னும் நேர்த்தி. இரசாயனத்தால் திடீர் மாற்றம் பெற்ற செடியை, அது பிறந்த அதே ரகத்தோடு திரும்பக் கலப்பது. இரண்டுக்கும் இடையே எழுத்து வித்தியாசம் குறைவு என்பதால், மாற்றம் பெற்ற பேரப்பிள்ளைகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் எழுத்து எளிதில் பிடிபடும். 2011 சுனாமியில் வடகிழக்கு ஜப்பானின் வயல்களில் கடல்நீர் புகுந்தபின், இந்தக் குழு தன்னிடமிருந்த, ஹிட்டோமெபோரே என்ற நெல் ரகத்தின் திடீர் மாற்ற வரிசைகளில் உப்பைத் தாங்குவது எது என்று தேடியது. ஓ.எஸ்.ஆர்.ஆர்.22 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்று கண்டு, இரண்டே ஆண்டில் 'காய்ஜின்' என்ற வரிசையை உருவாக்கியது. மூல ரகத்துக்கும் அதற்கும் 201 எழுத்துகள்தான் வித்தியாசம். சமைத்தால் அதே சோறு.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் இதற்கே ஓடிவிடக் கூடாது. குழாயில் கலந்தபின் எந்தச் செடி எது என்பது போய்விடும். ஒரு பண்புக்குக் கலந்த கூட்டை இன்னொரு பண்புக்குப் பயன்படுத்த முடியாது. சிறிய விளைவுள்ள இடங்கள் தெரியாது. முனைகளைத் தவறாகத் தேர்ந்தால், அதாவது வாய்க்கால் ஓரத்தில் நின்றதால் செழித்த செடியை "தாங்கும்" என்று கலந்துவிட்டால், திருத்தவே வழியில்லை. எஃப்2 செடியின் ஒற்றை அளவீட்டை நம்பாமல், அதன் எஃப்3 குடும்பத்தையும் அளந்து முனைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பருவம் கூடும், பரவாயில்லை.

## பல பெற்றோர் கலப்பு

எட்டுப் பெற்றோரைச் சுற்றிச் சுற்றிக் கலந்து வரிசை எடுக்கும் 'மேஜிக்' தொகுப்புகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இண்டிகா நெல்லில் ஒன்றை உருவாக்கியது. கலப்பின் நம்பகமும் திரட்டின் வளமும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் தனி மாணவர் தொடங்கி முடிக்கிற வேலை அல்ல. யாரோ உருவாக்கி வைத்திருந்தால் விதை கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். நீங்களே தொடங்க வேண்டாம்.

## எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பள்ளம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், தெரியாமல் விழுபவர்கள் அதிகம். கிடைத்த வாசிப்புகளை எல்லாரும் நிப்பான்பரே என்ற ஜப்பானிய ரகத்தின் மரபணுத் தொகுப்போடு ஒப்பிடுகிறோம். 2005-இல் முழுதாக வெளியான முதல் நெல் வரைபடம் அதுதான். ஆனால் சப்1ஏ மரபணு நிப்பான்பரேயில் கிடையவே கிடையாது. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் வேரை வளர்க்கும் பி.எஸ்.டி.ஓ.எல்1 மரபணுவும் அதில் இல்லை. அது இருக்கும் இடத்தை 1998-இலேயே காட்டியிருந்தார்கள். மரபணு வெளியானது 2012-இல். நடுவே, கசலாத் ரகத்தின் அந்தப் பகுதியைத் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. உங்கள் மரபணு, ஒப்பிட எடுத்துக்கொண்ட மேற்கோள் ரகத்தில் இல்லாதது என்றால், கோபுரம் பக்கத்தில் எங்கோ எழும். கீழே இருக்கும் பட்டியலில் சரியான பெயர் இருக்காது. நாட்டு ரகத்தில் வேலை செய்பவர்கள் இண்டிகா அல்லது ஆஸ் (கசலாத் சேர்ந்த நெல் வகை) மேற்கோளையும் வைத்துப் பார்ப்பது நல்லது.

| | கலப்பு (நிலை வரிசை) | திரட்டு | கூட்டு |
|---|---|---|---|
| அளக்கத் தொடங்க | 7 பருவம் | உடனே | 3 பருவம் |
| எதில் வலு | பெரியதும் நடுத்தரமும், பல ஊர், பல பண்பு | பரவலாக இருக்கும் வடிவங்கள் | ஓரிரு பெரிய மரபணு |
| பணம் எங்கே கரையும் | தலைமுறை நகர்த்தல், இடத்தைக் குறுக்குதல் | நூற்றுக்கணக்கான ரகங்களை இரண்டு மூன்று பருவம் அளத்தல் | முழு வாசிப்பு, கணினி வேலை |
| எங்கே வழுக்கும் | சிறிய குடும்பம் | உறவுமுறை, அரிய வடிவம் | முனைத் தேர்வு |

## வந்த மூவருக்கும் சொன்னது

மாணவிக்கு: முதலில் உங்கள் ரகத்தில் சப்1ஏ இருக்கிறதா என்று ஒரு பி.சி.ஆர். போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வேலை. இருந்தால் 2006-இன் கண்டுபிடிப்பை மறுபடி கண்டுபிடிக்க வேண்டாம். அத்தோடு, அது மூழ்கியபடி வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கிறதா, அல்லது தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்க நீள்கிறதா என்று கவனியுங்கள். சப்1 செய்வது முதலாவது. மடுமுழுங்கி என்று பெயரிலேயே தண்ணீர் வைத்திருக்கும் ரகங்களில் எதிர்பார்க்க வேண்டியது இரண்டாவதாகவும் இருக்கலாம். ஆழ்நீர் நெல்லில் அதற்கான ஸ்நார்க்கல் மரபணுக்கள் 2009-இல் வெளியாயின. இரண்டும் இல்லையென்றால் கூட்டு முறை, எஃப்3 குடும்பத்தை அளந்து. நீங்கள் முடித்துவிட்டுப் போனாலும் விதையைத் தூக்கிப் போடாமல் அடுத்த மாணவர் நிலை வரிசையாக்கட்டும்.

ஆய்வாளருக்கு: அரிசியின் நீள அகலம் நம்பகமாக அளக்க முடிவது, பருவத்துக்குப் பருவம் அதிகம் ஆடாதது. 180 குறைவுதான்; ஆனால் இந்தப் பண்பில் ஜி.எஸ்3 போன்ற பெரிய மரபணுக்கள் இருப்பது தெரியும் என்பதால் ஜீவாஸ் செய்யலாம். ஜி.எஸ்3 இருக்கும் 3-ஆம் குரோமோசோமில் கோபுரம் வரவில்லை என்றால் உங்கள் தரவில் ஏதோ கோளாறு என்று கொள்ளுங்கள். அதுவே இலவசச் சோதனை. இந்த ஆண்டே, நீளத்தில் இரு முனையில் நிற்கும் இரண்டு ரகங்களைக் கலந்து வையுங்கள். ஜீவாஸ் முடிவை யாராவது "இன்னொரு குடும்பத்தில் பார்த்தீர்களா?" என்று கேட்கும் நாளில் எஃப்2 விதை கையில் இருக்கும்.

விதைத் தொழில் நண்பருக்குச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. விளைச்சலுக்கு மரபணு தேட வேண்டாம் என்றேன். எல்லா மார்க்கருக்கும் சிறு சிறு மதிப்பெண் கொடுத்து, எது எந்த மரபணு என்று கேட்காமலே, மொத்த மதிப்பெண்ணை வைத்து அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்கும் வழி 2001-இலிருந்தே இருக்கிறது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதை வைத்துத்தான் காளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "மரபணுப் பெயர் இல்லாம மேனேஜ்மென்ட்ல என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். பத்து ஆண்டு விளைச்சல் சோதனைத் தரவு அவர்களிடம் சும்மா கிடக்கிறது. அதை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.